தண்ணீர் சரி, பம்ப் சரி

அன்று முதலில் திறக்க மறுத்தது நாற்பத்தேழாம் எண் லாக்கர். மணிக்கட்டில் கட்டியிருக்கும் ரப்பர் பட்டையை அதன் பூட்டருகே காட்டினால் பச்சை விளக்கு எரிந்து 'டக்' என்று கதவு விலக வேண்டும். விளக்கு மஞ்சளாக எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஈரத் தலையோடு நின்ற அம்மாள் பட்டையைத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினார். பிறகு அழுத்திக் காட்டினார். பிறகு கதவை ஒரு தட்டு தட்டினார்.

"எனக்கும் மஞ்சள்தாங்க" என்றார் பக்கத்தில் ஒருவர்.

அவருக்கு அடுத்தவர் தன்னுடைய மஞ்சள் விளக்கைச் சுட்டிக்காட்டினார்.

நகரத்தின் நீச்சல் மையம் அது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெதுவெதுப்பான பெரிய குளம். மதிய இடைவேளையில் அக்கம்பக்கத்து அலுவலகங்களிலிருந்து கூட்டம் வந்து விழும். உடை மாற்றும் அறைகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. லாக்கர்கள் மட்டும் நடுவில் ஒரு பொதுக் கூடத்தில். அந்தக் கூடத்தில் இப்போது ஈரத்துணியும் துண்டுமாக ஐம்பது அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். செருப்பு, பர்ஸ், போன், உடுத்தி வந்த துணி எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்.

நாற்பத்தேழுக்காரர் நேராக ரிசப்ஷனுக்குப் போனார். "என் மருமகளைக் கூப்பிடும்மா."

"யாருங்க உங்க மருமகள்?"

"இங்கதான் சர்வரா இருக்கா."

ரிசப்ஷன் பெண்ணுக்கு உடனே புரிந்தது. "சர்வரம்மாவா? நீங்க அவங்க மாமியாரா?" என்று போனை எடுத்தாள்.

மையத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் கணினி நிர்வாகி அவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாரோ 'சர்வரம்மா' என்று கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. மாமியாரும் அதைப் பிடித்துக்கொண்டு, மருமகள் சர்வர் வேலை பார்ப்பதாகப் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி வைத்தார். எந்த ஓட்டலில் என்று அந்தம்மா கேட்டார். ஓட்டல் இல்லை, நீச்சல்குளத்தில் என்று இவர் திருத்தினார். அதிலிருந்து அந்தம்மா மாலையில் இவளைப் பார்க்கும்போதெல்லாம், "பாவம், ஈரத் தரையில தட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கணும், காலெல்லாம் வலிக்குமே" என்று இரக்கப்படுவார். மருமகளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். விளக்கப் புகுந்தால் பொழுது போய்விடும்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை சச்சரவு ஏதும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது என்பதுதான் உண்மை. அத்தை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அவர் பேசுவது அறிவிப்பு மாதிரிதான் இருக்கும்: சாப்பாடு தயார், சாப்பிட வேண்டியவர்கள் வரவும். அதற்குப் பதில் சொல்ல என்ன இருக்கிறது, போய்ச் சாப்பிட வேண்டியதுதான். மருமகளின் வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு வேலை, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. அவளும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

போன் வந்தபோது அவள் தயிர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அதை அப்படியே வைத்துவிட்டு, லாக்கர்களை இயக்கும் பெரிய சர்வருக்குள் நுழையப் பார்த்தாள். பெயரைத் தட்டினாள், கடவுச்சொல்லைத் தட்டினாள். திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேறு கணினியிலிருந்து முயன்றாள், அதே கதை. சர்வர் அறைக்கே ஓடிப் போய் நேரடியாகக் கீபோர்டில் தட்டினாள். அங்கேயும் அந்தக் கோடு மினுக்கிக்கொண்டே நின்றது.

கெட்டுப்போன சர்வர் இப்படி நடந்துகொள்ளாது. இது கெட்டுப்போகவில்லை. காத்திருக்கிறது.

மையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் தான் செய்ததை ஒரு வரி எழுதிச் சொல்லும். இன்ன லாக்கர் திறந்தது, இன்ன ஆள் சர்வருக்குள் நுழைந்தார், பம்ப் ஓடுகிறது. பெரிய சர்வரில் இருக்கும் பதிவு மென்பொருள் அந்த வரிகளை வாங்கி, தனியறையில் இருக்கும் பதிவு சர்வருக்கு அனுப்பும். பதிவு சர்வர் கொஞ்ச நேரம் வாங்காவிட்டால் குற்றமில்லை, வரிகள் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசை நிரம்பிவிட்டால்தான் கேள்வி. வந்ததைத் தள்ளிவிடலாம். அல்லது, இடம் கிடைக்கும்வரை எல்லோரையும் வாசலிலேயே நிறுத்தி வைக்கலாம்.

முன்பு தள்ளிவிடும்படிதான் இருந்தது. போன வருடம் ஓர் உறுப்பினர் லாக்கரில் வைத்த கைக்கடிகாரத்தைக் காணோம் என்று புகார் கொடுத்தார். யார் எப்போது திறந்தார்கள் என்று பார்த்தால், சரியாக அந்த நேரத்துப் பதிவுகளை மென்பொருள் தள்ளிவிட்டிருந்தது. கடிகாரம் பிறகு அவருடைய கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. அதற்குள் மையத்தின் இயக்குநர் மேலிடத்தில் போய்க் கைகட்டி நின்று பதில் சொல்லி, பாதி இளைத்துப்போனார். திரும்பி வந்தவர் இரண்டு காரியம் செய்தார். எல்லா லாக்கரையும் திறக்கும் மாஸ்டர் சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். சர்வரம்மாவைக் கூப்பிட்டு, "இனிமே ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது" என்றார்.

"எதையும் விடக்கூடாதுன்னா, இடம் இல்லாதப்போ எல்லாமே காத்துக்கிட்டு நிக்கும் சார். லாக்கர்கூட."

"நிக்கட்டுமே. பொறுமை நல்லதுதானே."

வரிசையைத் தாராளமாகவே பெரிதாக வைத்தாள். இவ்வளவு பெரியது எங்கே நிரம்பப்போகிறது என்று அவளும் நம்பிவிட்டாள். இப்போது அது நிரம்பிவிட்டது. லாக்கர் திறப்பதற்கு முன்னால் ஒரு வரி எழுத வேண்டும், எழுத இடமில்லை. அவள் உள்ளே நுழைவதற்கும் ஒரு வரி எழுத வேண்டும். அதற்கும் இடமில்லை. சரிசெய்யப் போகிறவளையே வாசலில் நிறுத்திவிட்டது அவள் போட்ட பூட்டு.

அவள் கூடத்துக்கு வந்தபோது சத்தம் காதைப் பிளந்தது. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று ஒருவர், மாத்திரை உள்ளே இருக்கிறது என்று ஒருவர். நடுவில் இயக்குநர் நின்றிருந்தார். எப்போதும் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நடமாடும் மனிதர், இப்போது மகள் வாங்கிக் கொடுத்த மீன் படம் போட்ட கால்சட்டையிலும் ஒரு துண்டிலும் இருந்தார். தினம் மதியம் அவரும் நீந்துவார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

"பதிவு வரிசை நிரம்பிடுச்சு சார். எல்லாம் காத்துக்கிட்டு நிக்குது."

அவர் முகம் மாறியது. பிறகு, "நான்தானே சொன்னேன்" என்றார் மெதுவாக.

"மாஸ்டர் சாவியைக் குடுங்க சார், முதல்ல இவங்களை அனுப்பிடலாம்."

இயக்குநர் திரும்பித் தன் லாக்கரைப் பார்த்தார். மஞ்சள் விளக்கு. சாவிக்கொத்து பேன்ட் பையில், பேன்ட் லாக்கருக்குள்.

பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "அப்ப உடனே திறக்காதா?" என்றார்.

"கொஞ்சம் நேரமாகும் அத்தை."

"எவ்வளவு நேரம்னு தெரியுமா?"

"தெரியல."

"அப்ப நேரத்தைச் சொல்லக்கூடாது" என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார் அத்தை. துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு ஒரு பெஞ்சின் மேல் ஏறினார். மைக் இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு." கூடம் சட்டென்று அடங்கியது. "லாக்கர்கள் திறப்பதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. உங்கள் உடைமைகள் பத்திரமாக உள்ளன. வெந்நீர் ஷவர் வேலை செய்கிறது. குளிர் எடுப்பவர்கள் அங்கே நிற்கலாம். மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் மட்டும் ரிசப்ஷனில் பெயர் கொடுக்கவும்."

எங்கேயோ ஒரு மூலையில், "வண்டி எத்தனை மணிக்குங்க?" என்று ஒரு குரல் கேட்டது. கூடமே சிரித்தது. கூட்டத்தில் பாதிப் பேர் வெந்நீர்ப் பக்கம் நகர்ந்தார்கள்.

சர்வரம்மா ரிசப்ஷன் கணினியிலிருந்து பதிவு சர்வரைத் தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. அணைந்து கிடக்கிறது. அந்த அறைக்குப் போனாள், இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அந்தச் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்கும்: கேபிள் அண்ணன். மையத்தின் கேபிள்களும் பெட்டிகளும் அவர் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டிய மனிதர், தங்கமான கைக்காரர், திறந்த எதையும் மூடுகிற பழக்கம் மட்டும் கிடையாது. மேசை இழுப்பறை, சாப்பாட்டு டப்பா, பேனா மூடி, எல்லாம் திறந்தே கிடக்கும். இந்த ஒரு கதவை மட்டும் எப்படிப் பூட்டினாரோ தெரியவில்லை. போன் அடித்தாள். மணி, கூடத்தில் ஒரு லாக்கருக்குள்ளிருந்து கேட்டது.

"அத்தை, இன்னொரு அறிவிப்பு."

"சொல்லு."

ஒரு நிமிடத்தில் கூடமும் குளமும் நீராவி அறையும் அதிர்ந்தன. "கேபிள் அண்ணன் எங்கிருந்தாலும் உடனடியாக நாற்பத்தேழாம் எண் லாக்கருக்கு அருகில் வரவும். அவருக்காக அவருடைய தங்கை காத்திருக்கிறார்."

நீராவி அறைக் கதவு திறந்தது. வெந்த கிழங்கு மாதிரி சிவந்துபோய் கேபிள் அண்ணன் வந்தார், கதவை மூடாமல். "யாருக்கு என்ன ஆச்சு? எனக்குத் தங்கச்சியே இல்லையே" என்றார் பதறிக்கொண்டு.

"நான்தாண்ணே. பதிவு சர்வர் ஏன் பேச மாட்டேங்குது?"

"அதுவா. நான்தான்மா நிறுத்தினேன். உள்ள ஒரு கைப்பிடி தூசி. எல்லாத்தையும் கழட்டித் துடைச்சுக் காயவெச்சிருக்கேன். யாரும் காலால உதைச்சுடக் கூடாதேன்னு கதவைக்கூடப் பூட்டிட்டு வந்தேன்." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகச் சொன்னார்.

"சொல்லிட்டுச் செய்யக்கூடாதாண்ணே?"

"அது சும்மா எழுதிக்கிட்டுதானேம்மா இருக்கு. கொஞ்ச நேரம் எழுதலைன்னா குடியா முழுகிடும்னு..." என்றவர் அப்போதுதான் மஞ்சள் விளக்குகளையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார்.

"சாவி?"

அவர் தன் லாக்கரைக் கையால் காட்டினார்.

கதவை உடைக்கலாமா என்று இயக்குநர் கேட்டார். உடைத்தாலும் கழற்றிக் காயப்போட்ட சர்வரை மறுபடியும் மாட்டி ஓட விடுவதற்குள் இங்கே நிற்பவர்களுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். அவள் யோசித்தாள். புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் இருந்தால்?

அவள் கேபிள் அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே, உங்க லேப்டாப்லேருந்து காலைல பெரிய சர்வருக்குள்ள போனீங்களா?"

"போனேன்."

"வெளிய வந்தீங்களா?"

அவர் இயக்குநரை ஓரக்கண்ணால் பார்த்தார். இது தினம் அவள் திட்டுகிற விஷயம். உள்ளே போனால் வேலை முடிந்ததும் வெளியே வரணும், திறந்து போட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "மறந்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றார் தரையைப் பார்த்து.

"முழு அதிகாரத்தோடயா?"

"திட்டாதம்மா. ஆமா."

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள் அவள். கேபிள் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. எதையும் நிறுத்தவிடும் முழு அதிகாரத்தை இப்போது கேட்டாலும் அதற்கும் ஒரு வரி எழுதப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். அதையும் முன்பே வாங்கி வைத்திருந்தார் மனிதர்.

"லேப்டாப் பூட்டியிருக்குமே, பாஸ்வேர்டு சொல்லுங்க. நான் ஓடிப்போய்..."

"அது வாயால வராதும்மா. விரலுக்குத்தான் தெரியும்."

"யோசிச்சுப் பாருங்க."

அவர் காற்றில் தட்டிப் பார்த்தார். "கீபோர்டு இருந்தா வந்துடும்" என்றார்.

ஆகவே மூன்று பேரும் லேப்டாப் இருந்த அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். அலுவலகத்துக்கு வழி ரிசப்ஷன் வழியாகத்தான். ரிசப்ஷனில் உறுப்பினராகச் சேரலாமா என்று பார்க்க வந்த ஒரு குழுவுக்கு அந்தப் பெண், "இங்க எல்லாமே கம்ப்யூட்டர்தாங்க, ஒரு தொந்தரவும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் முன்னால் சர்வரம்மா ஓடினாள். பின்னால் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு கேபிள் அண்ணன் ஓடினார். அவருக்குப் பின்னால் மீன் கால்சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்த இயக்குநர், குழுவைப் பார்த்ததும் நின்று, "வணக்கம், நான் இயக்குநர்" என்று கும்பிட்டார். துண்டு நழுவப் பார்த்தது. கும்பிட்ட கையாலேயே பிடித்துக்கொண்டார்.

கேபிள் அண்ணன் நின்றபடியே லேப்டாப்பைத் தட்டினார். முதல் தடவை தப்பு. விரல் ஈரமாக இருந்தது. சர்வரம்மா தன் துப்பட்டா நுனியை நீட்ட, துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். திரை விழித்தது. பெரிய சர்வருக்குள் போகிற கறுப்புச் சன்னல் அங்கேயே, அவர் காலையில் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே, கட்டளைக்காகக் காத்திருந்தது.

அவள் உட்கார்ந்தாள். முதலில் வரிசையில் நிற்பவை என்னவென்று எட்டிப் பார்த்தாள். திரையில் வரிகள் ஓடின.

தண்ணீர் சரி. பம்ப் சரி. குளோரின் சரி. தண்ணீர் சரி. பம்ப் சரி. குளோரின் சரி.

கீழே கீழே போனாள். அதேதான். போன வாரம் குளத்துக்குப் புதிதாக ஓர் உணர்கருவி மாட்டியிருந்தார்கள். மாட்டியவர்கள் சோதனைக்காக அதை மூச்சுக்கு மூச்சு பேசும்படி வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கேட்பதற்குப் பதிவு சர்வர் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

இயக்குநர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். அவர் தலையிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. "இதைக் காப்பாத்தத்தான் இத்தனை பேரும் அங்க நடுங்கிக்கிட்டு நிக்கிறாங்களா?"

"பெரும்பாலும் இதுதான் சார். நடுவுல லாக்கர் வரிகளும் கொஞ்சம் இருக்கும்."

"இப்ப என்ன வழி?"

"பதிவு மென்பொருளை நிறுத்தினா, வரியை வாங்க ஆளே இல்லைன்னு எதுவும் காத்திருக்காது, அந்த நிமிஷமே எல்லாம் திறந்துடும். ஆனா நினைவகத்துல இருக்கற அத்தனை வரியும் போயிடும்."

ஒரு வரிகூட விடக்கூடாது என்று சொன்ன மனிதர் அவர். அறையில் கேபிள் அண்ணனின் பல் கிட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "போகட்டும்மா. நிறுத்துங்க" என்றார் இயக்குநர்.

அவள் விரல் விசை மேல் போய் நின்றது. நிறுத்த மனம் வரவில்லை. அந்தக் குப்பைக்கு நடுவே யாரோ ஒருவருடைய லாக்கர் வரி இருக்கிறது. நாளைக்கே ஒருவர் வந்து, என் பொருள் எங்கே என்று கேட்டால்? போன வருடம் இயக்குநர் கைகட்டி நின்றதை அவளும்தான் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் பொறுப்பீங்களா சார்? நினைவகத்தை அப்படியே பிரதி எடுத்து வெச்சுக்கறேன். அப்புறமா அரிச்சு எடுத்துக்கலாம்."

"அப்படியும் முடியுமா?"

"முடியும். ஆனா அவங்க இன்னும் கொஞ்சம் நிக்கணும்."

இயக்குநர் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, நாற்பத்தேழாம் எண் அம்மாவிடம் இன்னொரு அறிவிப்பு கொடுக்கச் சொன்னார். பிரதி எடுக்கும் கட்டளை ஓடத் தொடங்கியது. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தையின் குரல் அந்த அறைவரைக்கும் கேட்டது. லாக்கர்கள் இன்னும் சில நிமிடங்களில் புறப்படும் என்றார். திறக்கும் என்று சொல்ல வந்தவர் பழக்கத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் சிரிப்புச் சத்தம்.

பிரதி முடிந்தது. சர்வரம்மா பதிவு மென்பொருளை நிறுத்தினாள்.

கூடத்திலிருந்து ஒரு 'டக்' கேட்டது. பிறகு தொடர்ந்து 'டக் டக் டக்' என்று மழை பிடித்துக்கொண்ட மாதிரி. இத்தனை நேரமும் ஒவ்வொருவரும் நூறு தடவை பட்டையைக் காட்டிய காட்டலெல்லாம் ஒன்றாக நிறைவேறிக்கொண்டிருந்தது. ஆள் பக்கத்தில் இல்லாத லாக்கர்களும் அகலத் திறந்துகொண்டன.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அத்தை கைதட்டவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி, ஆளில்லாமல் திறந்து கிடந்த லாக்கர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். "உடையவர் வந்து எடுத்துக்கொள்ளவும். அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னுடைய துணியைக்கூட அவர் இன்னும் எடுத்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது.

சர்வரம்மா நாற்பத்தேழிலிருந்து அவருடைய கம்பளிச் சட்டையை எடுத்துப் போர்த்திவிட்டாள். "நீங்க போய் மாத்துங்க அத்தை. நான் நிக்கறேன்."

அத்தை நகரவில்லை. "ஏம்மா, உள்ள என்ன பண்ணின?"

"அப்புறம் சொல்றேன்."

"அப்புறம்னா?"

"வீட்டுக்குப் போற வழியில."

அவள் வேலை முடியும்வரை அத்தை காத்திருந்தார். அன்று அவர்கள் பஸ்ஸில் போகவில்லை, நடந்து போனார்கள். அவள் முதலிலிருந்து சொன்னாள். அத்தை குறுக்கே குறுக்கே கேட்டார். பதிவு சர்வர் வாங்காவிட்டால் வரிகள் எங்கே நிற்கும், எவ்வளவு நிற்கும், நிரம்பிவிட்டால் யாரிடம் சொல்லும். அது யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் தப்பு, நாளைக்கு அதையும் சேர்க்க வேண்டும் என்றாள். காய்கறிக் கடை வாசலில் அத்தை நின்று, "அந்த மீன் கால்சட்டையில அவர் கும்பிட்டதை மறுபடியும் சொல்லு" என்றார். சொன்னாள். கடைக்காரர் எட்டிப் பார்க்கும்படி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் இயக்குநர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிரதியை அரித்ததில் எல்லா லாக்கர் வரிகளும் கிடைத்திருந்தன; அதைக் கேட்டு அவருக்கு மகிழ்ச்சி. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார், இந்தத் தடவை பதிலை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பதிவு சர்வருக்கு அனுப்பும் வரிகளுக்குத் தனி வரிசை, அது நினைவகத்தில் நிரம்பினால் பெரிய சர்வரின் டிஸ்கில், அதாவது வட்டில், எழுதிக்கொள்ளும். வட்டும் நிரம்பும் நிலை வந்தால், எல்லாம் சரி என்று சொல்கிற வரிகளை முதலில் விடும். லாக்கர் வரியைக் கடைசிவரை விடாது. வரிசை பாதி தாண்டும்போதே அவள் போனுக்குச் செய்தி வரும். எந்த நிலையிலும் பதிவுக்காகக் கதவு காத்திருக்காது. மாஸ்டர் சாவி இனி ரிசப்ஷனில் இருக்கும் என்று இயக்குநரே சொன்னார். உணர்கருவிக்காரர்களைக் கூப்பிட்டு அதன் வாயையும் அடக்கியாகிவிட்டது. கேபிள் அண்ணன், இனிமேல் உள்ளே போனால் வெளியே வந்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். செய்துவிட்டு எழுந்து போனார், இழுப்பறை திறந்தே கிடந்தது. அவள் மூடிவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் பதிவு சர்வரின் வட்டு நிஜமாகவே பழுதாகிப் படுத்துவிட்டது. அவள் போன் முதலில் சொன்னது. புது வட்டு வாங்கி வந்து மாட்டும்வரை பாதி நாள் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிகள் நினைவகத்தில் நிறைந்தன, அதைத் தாண்டிப் பெரிய சர்வரின் வட்டுக்கு வழிந்தன, சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டு நின்றன. கேபிள் அண்ணன் புதியதை ஓட விட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. ஒன்றைக்கூட விட வேண்டி வரவில்லை. கூடத்தில் பச்சை விளக்குகள் எரிந்து அணைந்துகொண்டிருந்தன. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் சொல்வதற்கு என்ன நடந்தது? தனியாகவே சிரித்துக்கொண்டாள்.

மாலை வீட்டுக்குப் போனதும் அத்தை, "இன்னைக்கு உங்க ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார். இப்போதெல்லாம் தினமும் கேட்கிறார்.

"பதிவு சர்வர் பாதி நாள் படுத்துக்கிச்சு அத்தை."

அத்தை கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார். "காலைலயா? நான் அப்ப அங்கதானே நீந்திக்கிட்டு இருந்தேன்."

"ஆமா."

"துணியை எடுத்துக்கிட்டுதானே வந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"தெரியலைல்ல?"

அத்தை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. அப்போதுதான் வீட்டுக்குள் வந்த அத்தையின் மகன், செருப்பைக் கழற்றாமலே நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன நடந்துச்சு? ரெண்டு பேரும் எதுக்குச் சிரிக்கறீங்க?"

"ஒண்ணும் நடக்கலடா" என்றார் அத்தை. "பாதி நாள் மெனக்கெட்டு உன் பொண்டாட்டி ஒண்ணும் நடக்காம பாத்துக்கிட்டா. செருப்பைக் கழட்டிட்டு வா, சாப்பிடலாம்."